முன்னால் ஓடாதே

"அதுக்கு முன்னாடி மட்டும் ஓடிடாதேம்மா. ஓடுறது எதுவானாலும் அதுக்கு இரைதான்." அந்தப் பெரிய ஹஸ்கி நாய் வீட்டுக்கு வந்ததிலிருந்து மருமகளிடம் மாமனார் இதையே சொல்லிக்கொண்டிருந்தார். நாய் என்றாலே அவளுக்குக் குலை நடுங்கும்.

அன்று அவள் வாசலில் துணி காயப்போடும்போது நாய் கயிற்றை அறுத்துக்கொண்டு வந்துவிட்டது. கேட் திறந்து கிடந்தது. நாய் தலையைத் தாழ்த்தி, காதை விறைத்து, அசையாமல் நின்றது.

"ஓடாதே! அப்படியே நில்லு!" மாடியிலிருந்து கத்தினார் மாமனார்.

அவளோ வீல் என்று அலறிக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினாள். நாய் பாய்ந்து துரத்தியது. புடவைத் தலைப்பு அதன் வாயில் கிழிய, கார் ஷெட்டுக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

மாமனார் ஓடிவந்து நாயைப் பிடித்துக் கட்டினார். "படிச்சுப் படிச்சு சொன்னேனே! பயத்துல எல்லாம் மறந்துபோச்சா?"

கதவிடுக்கில் விரல் ஒன்று நீண்டது. "மறக்கலை மாமா. அங்க பாருங்க."

திறந்த கேட்டுக்கு வெளியே எதிர்வீட்டுக் குழந்தை, உருளும் பந்தின் பின்னால் தத்தக்கா பித்தக்கா என்று ஓடிக்கொண்டிருந்தது.

"குழந்தை ஓடுறதை அது பார்த்துடுச்சு மாமா. குழந்தையை விட்டுட்டு என்னைத் துரத்தட்டும்னுதான் ஓடினேன்."