காலி நாற்காலி

நெதர்லாந்தின் ஹார்லெம் நகரில் மரங்கள் அடர்ந்த அந்தப் பணக்காரத் தெருவில் வீடு வாங்கியதிலிருந்து ரூலீனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"பழைய வீட்டுக்காரக் கிழவி செத்தும் இந்த நாற்காலிய விட்டுட்டுப் போயிருக்கா பாரு, கண்றாவி! விருந்து முடிஞ்சதும் குப்பையில போடு," என்றாள் கணவன் பாஸ்தியானிடம்.

அன்று அவள் பிறந்தநாள். நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். வந்த அக்கம்பக்கத்தார் அந்நாட்டு வழக்கப்படி, பிறந்தநாள்காரிக்கு மட்டுமில்லாமல் உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் கைகொடுத்து வாழ்த்தினார்கள். கிழவியின் காலி நாற்காலி முன்னாலும் குனிந்து, காற்றைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

"லூசுங்க," என்று ரூலீன் உதட்டைப் பிதுக்கினாள்.

கடைசியாக எதிர்வீட்டு ஹெய்ஸ்பெர்ட் வந்தார். காலி நாற்காலியிடம் சிரித்துச் சிரித்து நலம் விசாரித்தார். ரூலீன் கையை நீட்டினாள். அவர் அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியைக் காட்டி, "இது காலிதானே, தம்பி?" என்று பாஸ்தியானிடம் கேட்டார்.

"ஆமா சார், தாராளமா உக்காருங்க," என்றான் பாஸ்தியான்.