மே தினப் பறை

ஏழாயிரம்பண்ணை பஸ் ஸ்டாப்பில் மே தின விழா. சிவப்புத் துணிப் பந்தலுக்குள் இறங்கும் சித்திரை வெயில், கீழே உட்கார்ந்திருக்கும் பட்டாசுக் கம்பெனிப் பெண்களின் முகங்களையெல்லாம் சிவப்பாக்குகிறது. மேடையோரம், போன மாத வெடிவிபத்தில் செத்துப்போன காளிராஜின் படத்தில் மாலை வாடிக்கொண்டிருக்கிறது. கலைக்குழுக்காரர் பறையில் ஓங்கி முதல் அடி அடிக்கிறார். அத்தனை பெண்களும் பதறி எழுந்து, மேற்கே கம்பெனிப் பக்கம் புகையைத் தேடுகிறார்கள். “இன்னைக்கு லீவுதானத்தா, உக்காருங்க” என்கிறது ஒரு குரல். யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொள்கிறார்கள். ஓங்கிய குச்சியோடு கலைக்குழுக்காரர் நிற்கிறார். காளிராஜின் மனைவி பாண்டிலட்சுமி மட்டும் எழவே இல்லை. மேடையில் தனக்குப் போர்த்திய சால்வையை மடியில் வைத்து மடித்துக்கொண்டே சொல்கிறாள்: “நீங்க அடிங்கண்ணே. இனி எனக்குத் தேட ஆளில்ல.”