பயிற்சி பெற்றவர் மட்டும் தொடவும்

வீரபாண்டியின் கண்ணில் புரை விழுந்துவிட்டது என்பதில் சந்தேகமே இல்லை. கண் அளக்கும் மெஷினுக்குள் அவனே அதைத் தன் கண்ணால் பார்த்துவிட்டான்.

“என்னப்பா தெரியுது?” மெஷினுக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார் டிஸ்பென்சரி கம்பவுண்டர் பெரியமுத்து.

“பூசணிக்கா தண்டிக்கு ஒரு கண்ணு சார். நடுவுல தயிர் உறைஞ்ச மாதிரி வெள்ளையா இருக்கு.”

“அதான் புரை. லாரிச் சாவிய மானேஜர் துரைகிட்ட குடுத்துட்டு, நாளைக்குக் களைவெட்டுக்குப் போ.”

சூரியநெல்லிக்கு மேலே இருக்கும் அந்த எஸ்டேட்டில் தேயிலைப் பெட்டிகளைப் போடிமெட்டு வழியாகக் கீழே இறக்குகிறவன் வீரபாண்டி. எதிரே வரும் பஸ் டிரைவர் மீசையை முறுக்கிவிட்டிருக்கிறாரா இல்லையா என்பதைக் கொட்டும் மூடுபனியிலும் மூன்று வளைவுக்கு முன்பே சொல்லிவிடுவான். கண் டெஸ்ட்டில் தேறாதவன் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று இப்போது புது உத்தரவு.

“எனக்கு எல்லாம் நல்லாத்தான தெரியுது, சார்?”

“பாக்கறது உன் ஜோலி. தீர்ப்புச் சொல்றது என் ஜோலி.”

மறுத்துப் பேச முடியாது. சுவரில் பெரியமுத்துவின் பயிற்சிச் சான்றிதழ், சாமி படத்தைவிடப் பெரிய சட்டத்தில், மாலையோடு தொங்கியது. வாரம் ஒரு முறை வரும் எம்.பி.பி.எஸ். டாக்டரைக்கூட அவர் மெஷின்மேல் தூசி தட்ட விட்டதில்லை.

“கோட்டயத்துல டிரெய்னிங்குக்கு வந்த அத்தனை பேர்லயும் வாத்தியாரு தெனமும் என்னைத்தான் கூப்புடுவாரு. இதே மாதிரி மோவாய இந்தக் கிண்ணத்துல வச்சு உக்காத்துவாரு. மத்தவன்லாம் வரிசையில நின்னு அந்தப் பக்கமா எட்டிப் பாத்துட்டுப் போக வேண்டியதுதான்.”

அப்படியே மோவாயைக் கிண்ணத்தில் பதித்தார். கம்பளி தொங்கவிட்டு இருட்டாக்கிய அந்த அறையில்கூட மாட்டியிருக்கும் கறுப்புக் கண்ணாடியை, மெஷினில் உட்காரும்போது மட்டும்தான் கழற்றுவார்.

அடுத்து கொழுந்தெடுக்கும் ராமுத்தாய். புரை. வாட்ச்மேன் சங்கையா. புரை. “எம் மாமியாளுக்கும் பாத்துருங்க சார்” என்று ராமுத்தாய் ஆறுதல் தேடினாள், மாமியாருக்கும் புரை. மத்தியானத்துக்குள் எஸ்டேட்டில் ஒரு நல்ல கண் பாக்கியில்லை. கொழுந்துக் கூடைகள் குப்புறக் கிடந்தன. மலையே மூக்கைச் சிந்தியது.

செய்தி கேட்டு மலையாளத்துக்காரரான மானேஜர் துரையே ஓடி வந்து உட்கார்ந்தார். அவருக்கும் அதே தயிர்.

“எனிக்குமோ, பெரியமுத்து?”

“எல்லாரையும்விட துரைக்குத்தான் நல்லா முத்தியிருக்குங்க,” என்றார் பெரியமுத்து, பதவிக்குரிய மரியாதையோடு.

துரை ஆபரேஷனுக்காக உடனே மதுரைக்கு ஜீப்பை எடுக்கச் சொன்னார். யார் எடுப்பது? டிரைவர் அத்தனை பேரும் புரைக்காரர்கள்.

வீரபாண்டி லாரிச் சாவியைத் துரையிடம் நீட்டினான். நீட்டிய கையைப் பாதியில் இழுத்துக்கொண்டான். “வண்டிய விடறதுக்கு முன்னால ஒரு தடவ பாத்துக்கறேன், துரை.”

உட்கார்ந்தான். புரையைக் கண் கொட்டாமல் பார்த்துவிடுவது என்று இமைகளை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு குனிந்தான். உள்ளே அந்தப் பூசணிக்காய்க் கண் மூடித் திறந்தது. மறுபடியும் மூடித் திறந்தது.

வீரபாண்டி தலையைத் தூக்காமலே சொன்னான்:

“கம்பவுண்டர் சார், கொஞ்சம் சிமிட்டாம இருங்க, எஸ்டேட்டுப் புரை மொத்தமும் ஆடுது.”