இரண்டு கொட்டகைக்கும் நடுவே

நடுக்கதவைத் தம் கையாலேயே பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போனுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார் மேலாளர். "ஈ காக்கா கூட இதத் தாண்டக் கூடாது" என்று காவலாளியிடம் சொன்னார்.

கதவுக்குப் பின்னால், சோப்புக் காய்ச்சுகிறவர்கள் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். வேலையை விட்டு நீக்கிய கொதிகலன்காரரைத் திரும்ப எடுக்க வேண்டுமாம். மைதானத்துக்கு அந்தப் பக்கம் பொட்டலம் கட்டுகிறவர்களுக்கு இன்னும் சேதி தெரியாது. அவர்களும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் இன்றைக்கு லாரி கிளம்பாது. லாரி கிளம்பாவிட்டால் மேலாளர் கிளம்ப வேண்டியதுதான் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

முன்பெல்லாம் கம்பெனி ஆப்பில்தான் பேசிக்கொள்வார்கள். எல்லாம் ஆபீஸ் கம்ப்யூட்டர் வழியாகப் போனதால், மேலாளர் காலைக் காபியோடு அதையும் படித்துவிடுவார். விஷயம் தெரிந்ததும் எல்லோரும் வேறு ஆப்புக்கு மாறிவிட்டார்கள்.

"அதுக்குத் தலைமைக் கம்ப்யூட்டர்னு ஒண்ணு கிடையாது சார்" என்றார் கம்ப்யூட்டர்காரர். "பக்கத்துல இருக்கிற போன் வாங்கி வச்சுக்கிட்டு, அடுத்த போன் கிட்ட வந்ததும் அதுக்குக் குடுக்கும். சேர வேண்டியவங்களத் தவிர நடுவுல யாராலயும் படிக்க முடியாது."

மேலாளர் விடுவாரா? கள்ளப் பெயரில் தாமும் அதைப் போட்டுக்கொண்டு, ஒரு வாரம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். பூட்டுப் படத்தைத் தவிர ஒரு மண்ணும் தெரியவில்லை. ஆனால் அது மைதானத்தைத் தாண்டி எட்டாது என்று கம்ப்யூட்டர்காரர் சொன்னபோது வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. மொபைல் சிக்னலே எட்டாத பள்ளம் அது. இருந்த ஒரே வைஃபையையும் காலையிலேயே நிறுத்திவிட்டார்.

மைதானத்தைக் கடந்து பொட்டலக் கொட்டகைக்குள் நுழைந்தார். எந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. என்றுமில்லாத அன்போடு வரிசை வரிசையாகப் போய், யார் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்றுகூட விசாரித்தார்.

கடைசி வரிசையை எட்டுவதற்குள் அங்கங்கே போன்கள் கிணுகிணுத்தன. எந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன.

மேலாளர் பையிலிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "கதவு பூட்டித்தானே இருக்கு? யாரு வந்து சொன்னது?"

அங்கே மூத்தவரான அக்கா கையைத் துடைத்துக்கொண்டே அவருடைய சட்டைப் பையிலிருந்த போனைப் பார்த்தார்.

"அந்தப் பக்கத்துலேருந்து நீங்க மட்டும்தானே சார் வந்தீங்க."