ஏழாம் எண் கண்காணிப்புக் கிணறு

ஜூன் மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை. வறண்டுபோன கிணறொன்றைக் காட்டி, நீர்மட்டம் உயர்ந்துவிட்டதென்று நிலத்தடி நீர் அலுவலகத்தில் ஒரு கூட்டம் கைதட்டிற்று.

கைதட்டாதவள், அந்தக் கிணற்றை அளப்பவள் மட்டுமே.

அது குடிப்பதற்கன்று, அளப்பதற்கென்றே தோண்டிய கிணறு. மாதந்தோறும் அளவு நாடாவின் நுனியில் சுண்ணக்கட்டி தடவி உள்ளே இறக்குவாள். நனைந்த இடத்தைக் கொண்டு, தரையிலிருந்து தண்ணீர் எத்தனை மீட்டர் கீழே என்று குறிப்பாள். பன்னிரண்டு, பத்தொன்பது, முப்பத்தெட்டு. எண் ஏற ஏறத் தண்ணீர் இறங்குகிறதென்று பொருள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லித்தரும் பாடம் இது.

சென்ற மாதம் நாடா அடிவரை போய் உலர்ந்தே திரும்பியது. தண்ணீர் இல்லை என்று எழுதப் படிவத்தில் கட்டமில்லை. கணினி எண்ணைத்தான் ஏற்கும். கிணற்றின் மொத்த ஆழத்தையே போட்டுவிடச் சொன்னார் மேலதிகாரி. அறுபது என்று போட்டாள்.

அந்த அறுபதைத்தான் இப்போது அவர் சுவரில் பெரிதாக்கி, மேல்நோக்கிப் பாயும் சிவப்புக் கோட்டைக் குச்சியால் தடவித் தடவிக் காட்டினார். ஆண்டு முழுவதும் மழைமானி காட்டிய பற்றாக்குறையைப் பற்றி மூச்சுவிடவில்லை.

அவருக்கு இருபத்தாறு ஆண்டுப் பணி, இரண்டு பட்டம், வெளிநாட்டுப் பயிற்சி. இத்தனைக்குப் பிறகும் கோட்டுக்குத் தலை எது, வால் எது என்று தெரியாத மண்டை.

பாட்டில் தண்ணீர் ஆலைக்கு எட்டு ஆழ்துளைக் கிணறுகள் தோண்டுவதற்கான அனுமதி, அளந்தவரின் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. அவள் ஒப்பமிட்டால், அதே பாறையடுக்கின் நீரை நம்பியிருக்கும் நான்கு தெருக்களும் வறளும். அவற்றுள் ஒன்றில் அவள் வீடு.

எல்லாரும் டீ குடிக்கக் கலைந்ததும், மேலதிகாரி அந்த அனுமதித் தாளை அவள்முன் தள்ளினார்.

அவள் பொறுமையாக எடுத்துச் சொன்னாள், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல. எண் கூடினால் ஆழம் கூடுகிறது, கோடு தலைகீழாக நிற்கிறது, சார் தெரியாமல் போட்டுவிட்டார் போலும் என்றாள்.

அவர் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார்.

"எனக்குத் தெரியாதாம்மா? எங்க வீட்டுக்கே ஆறு மாசமா லாரித் தண்ணிதான்."

"அப்ப அந்தப் பேனாவ நீங்களே வச்சுக்குங்க, சார்."

மாலைக்குள் அத்தாளில் ஒரு கையெழுத்து விழுந்துவிட்டது. கிணற்றை எட்டிக்கூடப் பார்த்திராத ஒருவருடையது.

இதைப் படிப்பவரே, அனுதாபம் வேண்டியதில்லை. நாளைக் காலை உங்கள் ஊர் அலுவலகத்துக்குப் போங்கள். தாளைக் காட்டினால் வாங்காதீர்கள். கிணற்று மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். திறக்கும்வரை அங்கிருந்து நகராதீர்கள்.