ஒரே திசுவகை

செல் தானத்துக்குப் பொருத்தம் பார்ப்பதற்காக, பிறக்கும் குழந்தைகள் எல்லோருடைய திசுவகையையும் பதிந்துவைக்கும் காலம் அது. மலேசியாவின் ஈப்போவில் இந்திராணி தத்தெடுத்து வளர்த்த சீனப் பெண் தேன்மொழியைப் பதிவகத்திலிருந்து அழைத்தார்கள். அவளுடைய ஸ்டெம் செல் நோயில் கிடக்கும் ஒரு பெண்ணுக்கு அப்படியே பொருந்தியதாம்.

"சீனர்கள்லயே ஊருக்கு ஊர் திசுவகை மாறும். உங்களுது ரொம்ப அபூர்வமான வகை," என்றார் அதிகாரி. "அந்தப் பொண்ணு உங்க கூடப் பிறந்தவங்களாத்தான் இருக்கணும். உங்களுக்கு மூத்தவங்க. பேர் சொல்லட்டுமா?"

"வேணாங்க. செல்லை மட்டும் எடுத்துக்குங்க."

பெற்றவர்களைப் பற்றி அவள் ஒருநாளும் விசாரித்ததில்லை. விசாரித்தால் அம்மாவின் மனம் நோகும் என்று நினைத்தாள்.

செல்லைக் கொடுத்துவிட்டு, கூட வந்திருந்த இந்திராணியோடு வீடு திரும்பினாள். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது இந்திராணி கேட்டாள்.

"எனக்காகத்தான் பேர் வேணாம்னியா?"

தேன்மொழி குனிந்து அம்மாவின் செருப்பை ஓரமாக எடுத்து வைத்தாள்.

"அந்தப் பிள்ளை பிழைச்சுக்குமான்னு தெரியாம எனக்குச் சோறு இறங்காதும்மா. உனக்கு அக்கான்னா எனக்கு யாரு? பதிவகத்தைக் கூப்பிட்டுப் பேரைக் கேளு."

தேன்மொழி போனை எடுத்தாள். அவள் பதிவகத்தின் எண்ணைத் தேடுவதற்குள் இந்திராணியே அதை வாங்கி எண்ணை அழுத்தினாள்.