தங்கம், வெள்ளி, சாவு

"உங்க வீட்டுக்கு எத்தனை படி, குட்டி?"

நிங்கின் ஏழாவது வயதில், அவள் நினோங் என்று கூப்பிடும் ஞானத்தகப்பன் தேபான் கேட்ட கேள்வி இது.

வெட்கத்தில் வாய் திறக்காமல் பத்து விரலையும் விரித்துக் காட்டினாள். மடக்கிவிட்டு இரண்டை நீட்டினாள்.

தேபான் கொத்தனார். அவள் தாத்தா செவெரினோ தச்சர். லுசோன் தீவின் அந்த ஆற்றங்கரை ஊரில் இருவரும் சேர்ந்து முப்பது வருஷம் வீடு கட்டியவர்கள். எந்த வீட்டுப் படியையும் கீழேயிருந்து தங்கம், வெள்ளி, சாவு, மறுபடி தங்கம் என்று எண்ணிக்கொண்டே போவார்கள். தங்கத்தில்தான் முடிப்பார்கள்.

பன்னிரண்டு, சாவில் முடிகிற எண்.

"ஊருக்கெல்லாம் தங்கத்துல முடிக்கிற மனுசன், சொந்த வீட்டைச் சாவுல முடிச்சு வெச்சிருக்கியேப்பா," என்று எல்லார் முன்னாலும் சிரித்தார் தேபான்.

தாத்தா சிரிக்கவில்லை.

"எண்ணுனவன் நீ. கட்டுனவன் நான்."

ஒரு படியை எடுத்துவிடு என்று தேபான் சொல்லிப் பார்த்தார். எடுத்தால் மற்றப் படிகள் உயர்ந்துவிடும், பிள்ளைக்குக் கால் எட்டாது என்றார் தாத்தா. பேச்சு தடித்தது. அதன் பிறகு தேபான் அந்த வீட்டுப் பக்கம் வரவே இல்லை.

நிங்குக்குப் பிறவியிலேயே இடது கால் சூம்பியிருந்தது. மற்ற வீடுகளில் பிள்ளைகளின் உயரத்தைக் கதவு நிலையில் பென்சிலால் குறிப்பார்கள். அவளுக்கு மூன்று வயதானபோது தாத்தா குறித்தது, அந்தக் காலை அவளால் எவ்வளவு தூக்க முடிகிறது என்பதை.

ஆறு விரல்.

இருந்த ஏழு படிகளையும் பிரித்துப் போட்டுவிட்டு, ஆறு விரல் உயரத்தில் புதிதாகக் கட்டினார். யார் கையையும் பிடிக்காமல் அவள் ஏறிய முதல் படிகள் அவை.

பள்ளிக்கூடத்துப் படிகள் அப்படியில்லை. ஆறாம் வகுப்புவரை முதுகில் சுமந்துகொண்டு போனார். முதுகு விட்டுப்போனதும் அவள் நின்றுவிட்டாள்.

பன்னிரண்டு வருஷமாக ஒவ்வொரு முறை ஏறும்போதும் அவள் எண்ணினாள். தாத்தாவிடம் மட்டும் கேட்கவில்லை.

போன திங்கட்கிழமை காலை, மேல்படியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்த தாத்தா, அப்படியே தூணில் சாய்ந்துவிட்டார்.

பன்னிரண்டாவது படி.

என் காலுக்காகக் கட்டிய படிதான் அவரைக் கொண்டுபோயிற்று என்று நினைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

மூன்று நாளாக மழை. மூன்று நாளாகச் சவப்பெட்டி கூடத்தில் இருக்கிறது. அவர் கூரை போட்ட வீட்டுக்காரர்கள் எல்லாரும் வந்தார்கள். ஒவ்வொரு செருப்பும் படியடியிலிருந்து சேற்றை மேலே கொண்டுவந்தது. இறந்தவர் வீட்டில் இருக்கும்போது பெருக்கக் கூடாது என்பதால், பெட்டியைச் சுற்றித் தரையெல்லாம் சேறாகிக் கிடந்தது. நிங் அதன் நடுவில் உட்கார்ந்தவள்தான், கீழே இறங்கவில்லை.

இன்று மத்தியானம் தேபான் வந்தார். கையில் தடி. படியடியில் நின்ற ஒரு பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டு, படியைப் பார்க்காமல், முகத்தைத் திருப்பிக்கொண்டே ஏறினார்.

பெட்டியின் கண்ணாடியில் தன் மூச்சுப் பட்டுப் படிந்த புகையைச் சட்டைக் கையால் துடைத்தார். நிங் இஞ்சிக் கஷாயம் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை.

அந்தப் படியாலா, நினோங்?

கேள்வி தொண்டைவரை வந்தது. அவர் அவளுடைய இடது காலைப் பார்த்துவிட்டுச் சட்டென்று கண்ணை எடுத்துக்கொண்டார். அது போதும் என்று அவள் வாயை மூடிக்கொண்டாள்.

கோப்பையை வைத்துவிட்டு அவர் எழுந்தார். சாவு வீட்டில் வந்தவர்கள் போகிறேன் என்று சொல்லக் கூடாது. வீட்டார் வாசல்வரை கூடப் போகவும் கூடாது. நிங் ஜன்னலோரம் நின்றாள்.

தடி முதல் படியைத் தட்டியது. கட்டைச் சத்தம்.

அவளையறியாமல் உதடு எண்ணியது. தங்கம். வெள்ளி. சாவு.

தடி நிதானமாக இறங்கியது. பத்து, தங்கம். பதினொன்று, வெள்ளி.

பன்னிரண்டு, சாவு. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இனி மண், சத்தம் வராது.

டங்.

கல் சத்தம்.

அவள் கண்ணைத் திறந்தாள். கீழே தேபான் அசையாமல் நின்றிருந்தார். பிறகு தடியைச் சாய்த்து வைத்துவிட்டு, மெல்லக் குந்தினார். மூன்று நாளாக ஊரே மிதித்து மிதித்து அள்ளிப்போன சேற்றுக்கடியில் ஒரு கல்படி விளிம்பு காட்டியது. மிச்சச் சேற்றைக் கையால் வழித்தார். நிங்குக்கு நான்கு வயதில் ஆறு பெருகி வந்து வண்டல் போட்டுப் போனது. அதற்குக் கீழே, ஆறு விரல் உயரத்தில், செதுக்கிய கல்.

வேலை முடித்த கொத்தனார் மட்டம் பார்ப்பதுபோல, அவர் உள்ளங்கை கல்லின் மேல் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை போய்வந்தது.

நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தார்.

நிங் பத்து விரலையும் விரித்துக் காட்டினாள். மடக்கிவிட்டு மூன்றை நீட்டினாள். தங்கம்.

தேபான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். வெறுங்காலைக் கல்லின் மேல் ஒரு தரம் வைத்து எடுத்தார். பிறகு தடியை மறந்துவிட்டு, மழைக்குள் நடந்து போனார்.